தபாலில் வரும் பீக்கன் பருப்பு: கொய்னோனியா பண்ணையின் பொருள்கள் குறித்து

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் தென்மேற்கில், அமெரிக்கஸ் என்ற சிறு நகரத்தை அடுத்துள்ள கொய்னோனியா பண்ணை, அக்ரூட் இனத்தைச் சேர்ந்த பீக்கன் என்ற கொட்டையின் பருப்பையும் அதைச் சேர்த்துச் செய்த தின்பண்டங்களையும் 1950களின் பிற்பகுதியிலிருந்து தபால் வழியாக விற்று வருகிறது. அட்லாண்டா பகுதியில் வாழும் எங்கள் குடும்பத்தில் கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கான பருப்பு சில ஆண்டுகளாக அங்கிருந்துதான் வருகிறது. பருப்பு தரமானது, வாங்கலாம் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட முடியும். ஆனால் இந்தப் பண்ணை ஏன் பருப்பு விற்கத் தொடங்கியது, அதுவும் ஏன் தபாலில் விற்கத் தொடங்கியது என்பதைச் சொல்லாமல் எழுதும் மதிப்புரை பாதி மதிப்புரைதான் என்று நான் கருதுவதால், பண்டத்தைப் பற்றியும் பண்ணையைப் பற்றியும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பருப்பு. வறுக்காத, உடையாத பாதிப் பருப்புகளைத்தான் நான் அதிகம் வாங்குகிறேன். பீக்கனின் ஓட்டை உடைக்கும்போது பருப்பு முழுதாக வெளிவருவது எளிதன்று. ஓட்டுக்குள் இரு பாதிகளுக்கும் நடுவே உள்ள துவர்ப்பான சவ்வு, பருப்பின் முதுகில் ஓடும் இரண்டு பள்ளங்களில் ஒட்டிக்கொள்ளும். அது சரியாக நீங்காத பருப்பைக் கடித்தால் வாயெல்லாம் துவர்ப்பு ஏறிவிடும். இந்தப் பெட்டியில் வந்த பருப்புகளைத் தட்டில் கொட்டி வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தபோது பள்ளங்கள் சுத்தமாக இருந்தன; தோல் இளம் பழுப்பு நிறத்தில் இருந்தது; இரண்டாக ஒடித்தால் உள்ளே வெண்ணெய் நிறம் தெரிந்தது. தோல் கறுத்துப் போயிருந்தால் பருப்பு பழையது என்று பொருள். பீக்கனில் ஏறக்குறைய 70 விழுக்காடு கொழுப்பு இருப்பதால், வெளியில் வைத்தால் சில வாரங்களிலேயே எண்ணெய் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். பெட்டி வந்ததும் அந்த வாரத் தேவைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வைத்துவிடுவது நல்லது. அப்படி வைத்தால் அடுத்த ஆண்டுப் பருப்பு வரும்வரை சுவை மாறாது.

அக்ரூட்டின் தோலில் இருக்கும் கசப்பு இதில் இல்லை. முந்திரியைவிட நெய்ப்பு அதிகம். மிதமான சூட்டில் எண்ணெய் விடாமல் வறுத்தால், வாசனை எழும் நேரத்துக்கும் கருகும் நேரத்துக்கும் இடையே இடைவெளி மிகக் குறைவு என்பதால் அடுப்பை விட்டு நகரக் கூடாது. கிறிஸ்துமஸ் கேக்கில் முந்திரிக்குப் பதிலாகச் சேர்த்தோம், நன்றாக இருந்தது. அதைவிடச் சிறப்பாக அமைந்தது, கருப்பட்டிப் பாகு காய்ச்சி, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, வறுத்த பீக்கனைக் கொட்டிக் கிளறிக் கடலை மிட்டாய் போல வில்லைகளாக வெட்டியது. கருப்பட்டியின் கரிப்புக்கும் இந்தப் பருப்பின் நெய்ப்புக்கும் அப்படி ஒரு பொருத்தம். திருநெல்வேலிப் பக்கத்து உறவினர்கள் இதைக் கேட்டு வாங்கிப் போனார்கள்.

தின்பண்டங்களில், ஹிக்கரி என்ற மரத்தின் விறகுப் புகையூட்டிய பருப்பு எனக்கு மிகவும் பிடித்தது. உப்பும் புகையும் அளவாக இருக்கின்றன. மாலை நேரக் காப்பியுடன் ஒரு கைப்பிடி போதும். மசாலா தடவிய பருப்பு இனிப்பை நோக்கிச் சாய்வது. நம் நாக்கு மசாலா என்ற சொல்லைக் கேட்டதும் மிளகாயை எதிர்பார்க்கும் என்பதால், வாங்குவோர் இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. சாக்லேட் பாளத்தில் பருப்பைப் பதித்துச் செய்யும் பண்டத்துக்கு நியாய வணிக முறையில் வாங்கிய சாக்லேட்டைப் பயன்படுத்துகிறார்கள். தன் விளைபொருளுக்கு நியாயமான சந்தை கிடைக்காமல் தவித்த ஒரு பண்ணை, கொக்கோ விளைவிப்பவருக்கு நியாயமான விலை போய்ச் சேர வேண்டும் என்று கருதுவது பொருத்தமானதே. பழக் கேக்கில் மாவைவிடப் பழமும் பருப்பும்தான் மிகுதி. நம் ஊர் பிளம் கேக்கை எதிர்பார்ப்பவர்களுக்கு அது சற்றுக் கனமாகத் தோன்றலாம். மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பரிமாறினால் குறை தெரியாது.

விலையைப் பொறுத்தவரை, பெருங்கடைகளில் மொத்தமாகக் கட்டி விற்கும் பருப்பைவிட இது கூடுதல்தான். அதற்கு மேல் தபால் செலவும் உண்டு. பருப்பை மட்டும் பார்த்து வாங்குபவர் கணக்குப் பார்த்து விலகினால் அவரைக் குறை சொல்ல முடியாது. நான் அந்தக் கூடுதலை மனமறிந்து கொடுக்கிறேன். அதற்கான காரணம் இந்தப் பண்ணையின் வரலாற்றில் இருக்கிறது.

1942இல் கிளாரன்ஸ் ஜோர்டன், ஃபுளோரன்ஸ் ஜோர்டன் தம்பதியும், பர்மாவில் பாப்டிஸ்ட் மிஷனரிகளாகப் பணியாற்றியிருந்த மார்ட்டின் இங்கிலாந்து, மேபல் இங்கிலாந்து தம்பதியும் சம்டர் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) 440 ஏக்கர் வளம் குன்றிய நிலத்தை வாங்கி இந்தப் பண்ணையைத் தொடங்கினார்கள். கிளாரன்ஸ் வேளாண்மை படித்தவர். பிறகு கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் முனைவர் பட்டம் பெற்றவர். அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் ஆதித் திருச்சபையைப் போல உடைமைகளைப் பொதுவில் வைத்து வாழ்வது, எல்லா இனத்தவரையும் சமமாக நடத்துவது, எந்த நிலையிலும் வன்முறையைக் கையிலெடுக்காதிருப்பது, நிலத்தைச் சீரழிக்காமல் காப்பது ஆகியவற்றை அவர்கள் தங்கள் நெறியாகக் கொண்டார்கள். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், நிறப் பிரிவினை சட்டமாகவே இருந்த ஜார்ஜியாவில், கறுப்பினத் தொழிலாளர்களும் வெள்ளையரும் ஒரே மேசையில் உட்கார்ந்து உண்டார்கள் என்பதுதான் அக்கம்பக்கத்தாரை முதலில் உறுத்தியது. அவர்கள் செய்ததெல்லாம் விவசாயம்தான்: நிலத்தைத் திருத்தினார்கள், கோழி வளர்த்து முட்டை விற்றார்கள், அண்டை வீட்டுப் பிள்ளைகளின் பாலுக்காகக் கறவை மாடுகளை நூலகத்துப் புத்தகம் போல இலவசமாக இரவல் கொடுத்தார்கள்.

1950இல் நடந்த ஒரு நிகழ்ச்சி இந்தியர்களாகிய நமக்கு நேரடியாகத் தொடர்புடையது. புளோரிடாவில் வேளாண்மை படித்துக்கொண்டிருந்த ஓர் இந்திய மாணவர், கிறிஸ்தவர் அல்லாதவர், பண்ணைக்கு விருந்தினராக வந்தார். கிறிஸ்தவ வழிபாட்டைப் பார்க்க அவர் விரும்பியதால், பண்ணையில் வாழ்ந்தவர்கள் தாங்கள் உறுப்பினர்களாக இருந்த ரெஹோபோத் பாப்டிஸ்ட் திருச்சபைக்கு ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்துச் சென்றார்கள். அவருடைய கரிய நிறத்தைக் கண்ட சபையார், கறுப்பினத்தவர் ஒருவரை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள் என்று கொதித்தெழுந்தார்கள். அதன் தொடர்ச்சியாகக் கொய்னோனியாவைச் சேர்ந்தவர்கள் அந்த ஆண்டே திருச்சபையிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஓர் இந்தியரின் தோல் நிறத்தை முன்னிட்டுக் கிறிஸ்தவர்கள் கிறிஸ்தவர்களை ஆலயத்தை விட்டு வெளியேற்றினார்கள் என்பதைப் படித்தபோது எனக்குள் எழுந்தது அமெரிக்காவின் மீதான கோபம் மட்டும் அன்று. சாதி பார்த்து ஆலயத்தில் தனி வரிசையும் கல்லறைத் தோட்டத்தில் தனிச் சுவரும் வைத்திருந்த சபைகள் தமிழ்நாட்டில் உண்டு. அவற்றுள் சில இன்றும் அந்தச் சுவரை இடிக்கவில்லை. ரெஹோபோத்தின் கதையைச் சொல்லிவிட்டு அதைச் சொல்லாமல் கடந்துபோக என்னால் முடியாது.

பருப்பு வியாபாரம் பிறந்தது 1956க்குப் பிறகு. அட்லாண்டாவில் வெள்ளையருக்கு மட்டுமே இடமளித்த ஓர் அரசுக் கல்லூரியில் சேர விண்ணப்பித்த கறுப்பின மாணவர்கள் இருவருக்குப் பழைய மாணவர்களின் பரிந்துரைக் கையெழுத்து தேவைப்பட்டது. அதற்காகக் கிளாரன்ஸை அணுகினார்கள். அவர் அங்கே படித்தவர் அல்லர் என்பதால் அவரால் கையெழுத்து இட முடியவில்லை. ஆனாலும் அவர் துணை நின்ற செய்தி பரவியதும் சம்டர் கவுண்டி முழுவதும் பண்ணையைப் புறக்கணிக்கத் தொடங்கியது. முட்டையை வாங்க ஆளில்லை. உரம், தீவனம், எரிபொருள் விற்க ஆளில்லை. வங்கி கடன் தர மறுத்தது. காப்பீட்டு நிறுவனங்கள் ஒப்பந்தங்களை ரத்துச் செய்தன. சாலையோரத்தில் இருந்த பண்ணைக் கடை 1956இல் வெடி வைத்துத் தாக்கப்பட்டது. 1957 தொடக்கத்தில் இரண்டாம் முறை வைத்த வெடியில் அது அழிந்தேபோயிற்று. இரவு நேரங்களில் ஓடும் கார்களிலிருந்து வீடுகளை நோக்கிச் சுட்டார்கள். கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தார் கார்களில் ஊர்வலமாக வந்து, நிலத்தை விற்றுவிட்டுப் போய்விடும்படி சொன்னார்கள். துணிந்து தீவனம் விற்ற ஒரு கடைக்கு அமெரிக்கஸ் நகரத்தின் நடுவிலேயே குண்டு வைக்கப்பட்டது. கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான டோரதி டே 1957இல் அங்கே வந்து தங்கி, இரவுக் காவலில் காருக்குள் அமர்ந்திருந்தபோது அந்தக் காரின் மீதும் தோட்டா பாய்ந்தது. பண்ணையில் வாழ்ந்தவர்களில் ஒருவர்கூடத் திருப்பிச் சுடவில்லை. கையில் விளக்கு மட்டும் ஏந்திக் காவல் இருந்தார்கள்.

உள்ளூர்ச் சந்தை முழுவதும் அடைபட்ட நிலையில், உள்ளூர் ஆட்களால் அடைக்க முடியாத ஒரு வழி இருந்தது. தபால் துறை மைய அரசுக்கு உரியது. கவுண்டியின் வணிகர்கள் சொன்னாலும், அமெரிக்கஸ் தபால் நிலையம் பெட்டிகளை ஏற்க மறுக்க முடியாது. பீக்கன் கெடாமல் நெடுந்தூரம் செல்லக்கூடிய பொருள். எடைக்குத் தக்க விலை உள்ளது. ஜார்ஜியாவில் எளிதில் கிடைப்பது. பருப்பை உடைத்துச் சுத்தம் செய்து பெட்டியில் அடைத்து, நாடெங்கும் இருந்த நண்பர்களுக்கும் சபைகளுக்கும் கடிதம் எழுதி விற்கத் தொடங்கினார்கள். காப்பீடு இல்லாத கட்டடங்களுக்கு யாரேனும் தீ வைத்தால் ஆளுக்கு ஒரு தொகை அனுப்புவதாக அந்த நண்பர்களே எழுதிக் கொடுத்தார்கள். முற்றுகைக்கு உள்ளான ஒரு சிறு கூட்டத்தைப் பருப்பு வாங்கியே உயிரோடு வைத்திருந்தவர்கள், மாநிலம் மாநிலமாகச் சிதறியிருந்த பெயர் தெரியாத குடும்பங்கள். மனித உரிமைக்காகக் குரல் கொடுப்பது என்றால் நாம் வழக்கமாக எண்ணுவது அறிக்கை, பேரணி, கையெழுத்து இயக்கம் ஆகியவற்றைத்தான். அவை வேண்டியவையே. ஆனால் நீதியின் பக்கம் நிற்பவரை முதலில் பட்டினி போட்டுத்தான் பணிய வைக்கப் பார்க்கிறார்கள் என்பதால், அவருடைய பிழைப்பு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும் அதே அளவுக்கு முதன்மையான பணி என்பதைக் கொய்னோனியாவின் தபால் வியாபாரம் காட்டுகிறது.

அவர்களுடைய பிள்ளைகளை அமெரிக்கஸ் உயர்நிலைப் பள்ளி சேர்க்க மறுத்தபோது, அவர்கள் 1960இல் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குச் சென்று இடம் பெற்றார்கள். 1960களின் தொடக்கத்தில் ஜார்ஜியாவின் ஆல்பனி நகரத்திலும் அமெரிக்கஸிலும் கறுப்பினத்தவரின் சம உரிமைக்கான இயக்கம் நடந்தபோது, இளம் போராளிகள் வந்து தங்கி இளைப்பாறும் இடமாகப் பண்ணை இருந்தது. கிளாரன்ஸ் தெருப் போராட்டத்தில் முன்னணியில் நின்றவர் அல்லர். கூடி வாழ்ந்து காட்டுவதே சாட்சி என்று அவர் நம்பினார். அதை ஏற்காத இளைஞர்களும் இருந்தார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். சட்டத்தை மாற்றியவர்கள் தெருவில் நின்றவர்கள். சட்டம் மாறும் முன்பே அந்த வாழ்க்கை சாத்தியம் என்று ஒரு மேசையைப் போட்டுக் காட்டியவர்கள் இவர்கள்.

பண்ணைக்கு நேரில் செல்வதும் இந்தச் சேவையின் ஒரு பகுதியே. அட்லாண்டாவிலிருந்து தெற்கே காரில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பயணம். பீக்கன் மரங்கள் நேர் வரிசையில் நிற்கும் தோப்பு, பண்டங்களை விற்கும் கடை, பழைய புகைப்படங்கள் வைத்த சிறு காட்சியிடம், கிளாரன்ஸ் எழுதுவதற்குப் பயன்படுத்திய சிறு குடில் ஆகியவற்றைப் பார்க்கலாம். 1969 அக்டோபர் 29 அன்று அந்தக் குடிலில் இருந்தபோதுதான் அவர் இறந்தார். உடலைப் பார்வையிடுவதற்குக்கூட மரண விசாரணை அதிகாரி பண்ணைக்கு வர மறுத்தார் என்பதும், எளிய மரப்பெட்டி ஒன்றில் வைத்துப் பிக்னிக் ஹில் எனப்படும் மேட்டில் பெயர்ப்பலகை இன்றி அவரை அடக்கம் செய்தார்கள் என்பதும் பதிவான செய்திகள். நண்பகலில் மணியடித்ததும் வேலையை நிறுத்திச் சற்று நேரம் ஜெபித்துவிட்டு, பண்ணையில் வாழ்பவர்களும் விருந்தினரும் ஒன்றாக அமர்ந்து உண்கிறார்கள். நாங்கள் சென்றபோது எங்களை யார், எந்தச் சபை என்று விசாரிப்பதற்கு முன்பே தட்டைக் கையில் கொடுத்தார்கள். அந்தச் சாப்பாடு எளியது. அதைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த மேசைக்காகத்தான் ஒரு காலத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது என்பதை அறிந்து அங்கே உட்காரும்போது சோறு எளிதாக இறங்குவதில்லை.

பண்ணையை ஒட்டி இரண்டு குடியிருப்புகள் உள்ளன. 1968இல் மில்லர்ட் ஃபுல்லர், லிண்டா ஃபுல்லர் தம்பதியுடன் சேர்ந்து கிளாரன்ஸ் வகுத்த திட்டத்தின் பயன் அவை. வட்டியும் லாபமும் இல்லாமல் ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுப்பது, அவர்கள் தவணையாகத் திருப்பிச் செலுத்தும் பணத்தைப் பொது நிதியில் போட்டு அடுத்த வீட்டைக் கட்டுவது என்பதே திட்டம். முதல் வீடு எழும்பிக்கொண்டிருந்தபோதே கிளாரன்ஸ் மறைந்தார். அதே முறையை உலகெங்கும் கொண்டு செல்ல ஃபுல்லர் தம்பதி 1976இல் தொடங்கியதுதான் ஹாபிடாட் ஃபார் ஹியூமானிட்டி. அருகிலுள்ள பிளெயின்ஸ் ஊரைச் சேர்ந்த முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் சுத்தியல் ஏந்தி வேலை செய்த படங்களால் உலகமே அறிந்த அமைப்பு அது.

கொய்னோனியாவைக் குறையற்ற சொர்க்கமாக வருணிப்பது அந்தப் பண்ணைக்கே செய்யும் அநீதி. வீடு கட்டும் திட்டம் வளர்ந்த பிறகு, முடிவெடுக்கும் உறுப்பினர்கள் பெரும்பாலும் வெள்ளையர், தோப்பிலும் பருப்பு ஆலையிலும் கூலி பெறுவோர் பெரும்பாலும் கறுப்பினத்தவர் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. சமத்துவத்துக்காக அடிபட்ட இடத்திலேயே ஏற்றத்தாழ்வு வேறு உருவில் வந்து உட்கார்ந்துகொண்டது. 1993இல் பொதுப் பணப்பையைக் கைவிட்டுச் சாதாரணத் தொண்டு நிறுவனம் போல இயங்கத் தொடங்கியதற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம். அந்த ஏற்பாடும் நெருக்கடிகளைச் சந்தித்தது. 2000களின் நடுப்பகுதியில் கூட்டு வாழ்க்கைக்கே திரும்பினார்கள். தவறுகளை மறைக்காமல் பேசுகிற ஓர் அமைப்பிடமிருந்து வாங்குவதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் வாங்குபவர்கள் அந்தப் பக்கத்தையும் அறிந்திருக்க வேண்டும்.

அதே வேரிலிருந்து வளர்ந்த இன்னொன்றும் உண்டு. கொய்னோனியாவிலிருந்து சென்ற சில குடும்பங்கள் 1979இல் வடக்கு ஜார்ஜியாவின் கோமர் என்ற ஊரில் ஜூபிலி பார்ட்னர்ஸ் என்ற சமூகத்தைத் தொடங்கி, போரிலிருந்தும் ஒடுக்குமுறையிலிருந்தும் தப்பி வந்த அகதிகளை ஏற்று, மொழி கற்பித்து, குடியமர்த்தி வருகிறார்கள். அங்கே அடைக்கலம் பெற்றவர்களில் பர்மாவின் கரேன் மக்களும் இருந்தார்கள். பர்மாவில் ஊழியம் செய்துவிட்டு வந்த ஒரு தம்பதி தொடங்கிய பண்ணையின் கிளை, அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து பர்மாவின் அகதிகளுக்குக் கதவு திறந்தது. அடைக்கலம் தேடி நாடு நாடாக அலைந்த வரலாறு நம் இனத்துக்கும் உண்டு என்பதால் இதை நான் சாதாரணமாக வாசிக்க முடியவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பீக்கன் அறுவடை அக்டோபரில் தொடங்கி ஆண்டின் இறுதிவரை நடக்கும். புதுப் பருப்பு வந்த பின் கேட்டு வாங்குவதே சிறப்பு. சில மரங்கள் ஓராண்டு கொழித்து மறு ஆண்டு ஓய்வெடுக்கும் இயல்புடையவை என்பதால், விலையும் இருப்பும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். சாக்லேட் சேர்ந்தவற்றை ஜார்ஜியாவின் வெயில் காலத்தில் தபாலில் வரவழைக்க வேண்டாம். முதன்முறை வாங்குபவர்கள் வறுக்காத பாதிப் பருப்பையும் புகையூட்டியதையும் எடுத்துப் பார்க்கலாம். பழக் கேக் கனமான கேக்கை விரும்பும் வீடுகளுக்கு மட்டும். கிறிஸ்துமஸ் கூடுகைக்காகச் சபையாகச் சேர்ந்து ஒரே பெட்டியாக வாங்கினால் தபால் செலவு பெருமளவு குறையும். எங்கள் சபையில் இந்த ஆண்டு அப்படித்தான் செய்யப் போகிறோம். பெட்டியோடு பண்ணையின் வரலாற்றை ஒரு பக்கத்தில் தமிழில் அச்சிட்டு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் எண்ணியிருக்கிறோம். அந்தப் பக்கத்தில் ரெஹோபோத் நிகழ்ச்சியையும் நம் ஊர்க் கல்லறைச் சுவர்களையும் அடுத்தடுத்துச் சேர்க்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூப்பர்கள் சிலருக்கு அதில் இன்னும் உடன்பாடு இல்லை.